மாமன் தோளும் ஏழாவது தீர்மானமும்

வலியசாலை, திருவனந்தபுரம்
மார்கழி 25, வெள்ளிக்கிழமை

மகா கனம் பொருந்திய அத்திம்பேர் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் பட்டாபி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஆத்துக்காரியும் பத்மநாபசுவாமி கிருபையில் சௌக்கியம். அங்கே உங்கள் சர்க்கரையும் அக்காவின் முழங்காலும் குழந்தை ஜானவியின் கல்யாண ஏற்பாடுகளும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது என்று நினைக்க வேண்டாம். அக்கா என் நம்பரை பிளாக் செய்து மூன்று வருஷமாகிறது, உங்கள் போனும் அவள் கையில்தான் இருக்கிறது. தபால்காரரை மட்டும் அவளால் பிளாக் செய்ய முடியாது.

முதலில் சந்தோஷ சமாசாரம். நான் கல்யாணத்துக்கு வருகிறேன். தை பதினாலு, புதன்கிழமை, கல்லிடைக்குறிச்சியில் மாலை மாற்றும்போது ஜானவியை என் தோளில்தான் தூக்குவேன். மூத்தவள் மைத்ரேயி கல்யாணத்தில் தாய்மாமன் வராமல், கடைசி நிமிஷத்தில் சமையல் காண்ட்ராக்டரின் தம்பி தூக்கினானே, அந்த வீடியோவை நானும் பார்த்தேன் அத்திம்பேர். அவன் இடுப்பில் கரண்டி செருகியிருந்தது. அக்கா கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நான் இங்கே சும்மா இருக்கவில்லை. ஒரே நாளில் மூன்று பேருடைய வகுப்பை எடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் யூனிவர்சிட்டி கதையை உங்களுக்குச் சொன்னதில்லை. சோஷியாலஜி டிபார்ட்மெண்டில் ஒன்பது பேர் இருக்க வேண்டிய இடத்தில் நாலு பேர் இருக்கிறோம். மீதி ஐந்து நாற்காலியில் விடைத்தாள் கட்டு உட்கார்ந்திருக்கிறது. இந்த நாலு பேரில் யார் லீவு போட்டாலும் மற்றவர் யாராவது அவர் வகுப்பை எடுக்க வேண்டும் என்பது வழக்கம், அந்த யாராவது நான்தான் என்பது அதைவிடப் பழைய வழக்கம். ரதீஷ் யூனியன்காரர், ஆசிரியர்களின் வேலைப்பளுவைக் குறைக்கச் சொல்லி மாநாட்டுக்குப் போவார், அந்த நாலு நாளும் அவர் வகுப்பு எனக்கு வரும். நாகர்கோவில் ராஜபாய் டீச்சர் வீட்டில் மாசத்துக்கு ஒரு விசேஷம். தலைவி ஸ்வப்னா டீச்சருக்கு மீட்டிங் இல்லாத நாளே இல்லை. எல்லோரும் போகிற போக்கில் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள், பட்டாபி சார் உண்டல்லோ என்று. நானும் இருபத்திரண்டு வருஷமாக உண்டு, உண்டு என்று இருந்தே பழகிவிட்டேன்.

ஆனால் ஜானவிக்கு நாள் குறித்த சேதி ஊர்க்காரர் மூலம் காதில் விழுந்ததும் எனக்குள் என்னமோ ஆகிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை டிபார்ட்மெண்ட் கவுன்சில் கூடியது. ஆறாவது விஷயம் தண்ணீர் ஃபில்டர், அதற்கே முக்கால் மணி நேரம். ஏழாவதாக, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொண்டே ஸ்வப்னா டீச்சர் பையை மூடினார். நான் எழுந்து நின்றேன். இத்தனை வருஷ மினிட்ஸில் என் பெயர் ‘வந்திருந்தோர்’ என்பதன் கீழே தவிர வேறு எங்கேயும் கிடையாது, அதனால் நான் ஃபேனைக் குறைக்கத்தான் எழுந்தேன் என்று ரதீஷ் நினைத்தாராம். பாக்கெட்டிலிருந்து பேப்பரை எடுத்து வாசித்தேன். இனிமேல் இந்தத் துறையில் ஒருவர் விடுப்பில் போனால் அவர் வகுப்பை இன்னொருவர் எடுக்க வேண்டிய கட்டாயமில்லை, தானாக முன்வந்தாலும் எடுக்கக் கூடாது. அந்த இரண்டாவது பாதிதான் அத்திம்பேர் என் மூளை. அன்பாகக் கேட்டால் நான் மாட்டேன் என்று சொல்ல மாட்டேன் என்பது ஊருக்கே தெரியும், அதனால் அன்புக்கும் சேர்த்துப் பூட்டு போட்டுவிட்டேன்.

ஸ்வப்னா டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “பட்டாபி சாரே, இது எங்க போய் நிக்கும்னு ஆலோசிச்சோ?” என்றார். “இருபத்திரண்டு வருஷமா ஆலோசிச்சாச்சு டீச்சர்” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். ராஜபாய் டீச்சர், “சார் சொல்லுகது நியாயம்தானே, பாவம்லா” என்று வழிமொழிந்தார். ரதீஷுக்கு ஓட்டெடுப்பு இல்லாமல் எதுவும் ருசிக்காது, எல்லோரையும் கைதூக்கச் சொல்லி எண்ணினார். நாலுக்கு நாலு. டீன் ஆபீஸில் ஒரு பேப்பர் கையெழுத்தாக மூன்று மாசம் ஆகும், இது மூன்றே நாளில் சீலோடு வந்துவிட்டது. இன்று காலை ரதீஷ் தன் ஆட்களைக் கூட்டிவந்து வராந்தாவில் ‘பட்டாபி சார் சிந்தாபாத்’ என்று கோஷம் போட, வாட்ச்மேன் ஓடிவந்து யார் அந்தப் பட்டாபி என்று என்னிடமே கேட்டார். எல்லோருக்கும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் சாயாவும் கொடுத்தார்கள். சந்தோஷத்தில் நான் நாலு பழம்பொரி சாப்பிட்டேன்.

தோளையும் தயார் செய்துகொண்டிருக்கிறேன். ஜானவியிடம் எடை என்ன என்று கேட்டால் அடிக்க வருவாள், உத்தேசமாக ஐம்பத்தைந்து கிலோ வைத்துக்கொண்டேன். விடைத்தாள் கட்டு ஒன்று ஒன்பது கிலோ. தினம் காலையில் ஆறு கட்டைக் கயிற்றால் பிணைத்துத் தோளில் ஏற்றிக் கூடத்தில் நடக்கிறேன். “ஏன்னா, அவளைத் தூக்கறதுக்குள்ள உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிண்டு போகணும் போலிருக்கே” என்கிறாள் ஆத்துக்காரி. சொல்லிவிட்டு அவளே தைலம் தேய்த்துவிடுகிறாள். அவளுக்கும் அக்காவைப் பார்க்க வேண்டுமென்று உள்ளுக்குள் அடித்துக்கொள்கிறது.

எங்களால் உங்களுக்கு ஒரு தொந்தரவும் இராது. நாங்கள் இரண்டே பேர். பந்தியில் இரண்டு இலை, மூலையில் ஒரு பாய், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் கூட்டம் சேர்ப்பது எனக்குப் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். பெரியவர்கள் எல்லோருக்கும் எங்கள் நமஸ்காரம், ஜானவிக்கும் மாப்பிள்ளைக்கும் மனசு நிறைந்த ஆசீர்வாதம். இந்தத் தடவை மாமன் தோள் கட்டாயம் வரும் என்று அக்கா காதில் விழுகிற மாதிரி உரக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
பட்டாபி

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால் லீவு பாரத்தைக் கொடுத்துவிடலாம் என்று போனேன். அதில் எட்டாவது கட்டம், வகுப்பை எடுக்கப்போகிறவர் பெயரும் கையெழுத்தும். அது இல்லாமல் லீவு கிடையாது. பரீட்சை சமயம், வகுப்பை ரத்து செய்யவும் முடியாது. ராஜபாய் டீச்சரிடம் நீட்டினேன். “எடுக்கதுக்கு எனக்குச் சந்தோசம்தான் சார், ஆனா முன்வந்தாலும் எடுக்கப்பிடாதுன்னு நீங்கதானே எழுதுனீங்க” என்றார். ரதீஷ் கண் கலங்கி, “நாம ஜெயிச்ச சமரம் அல்லே சாரே, நாமளே அதை உடைக்கவோ?” என்றார். தீர்மானத்தை மாற்ற வேண்டுமானால் இருபத்தொரு நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கல்யாணத்துக்கு இருப்பது பத்தொன்பது நாள். ஸ்வப்னா டீச்சர் சிரிக்கவில்லை. பாடத்திட்டத்தைப் புரட்டி, என் பேப்பரான ‘உறவுமுறையும் திருமணமும்’ என்பதற்கு மூன்று நாள் களப்பணி உண்டு என்று காட்டினார். மாணவர்களோடு களத்துக்குப் போனால் அது லீவே இல்லை, டியூட்டி. களத்தை வாத்தியாரே தேர்ந்தெடுக்கலாம்.

ஆகவே என் மாணவர்கள் முப்பத்தெட்டுப் பேர் கல்யாணத்துக்கு வருகிறார்கள். பெண் பிள்ளைகள் இருப்பதால் ஒரு டீச்சர் கூட வர வேண்டும், ராஜபாய் வருகிறார். அவர் வகுப்பையும் யாரும் எடுக்கக் கூடாது என்பதால் அவருடைய முப்பத்தொரு பேரும் வருகிறார்கள். டிபார்ட்மெண்டில் இருப்பதே இந்த இரண்டு வகுப்புதான், ஆளில்லாத இடத்தில் தனியாக உட்கார மாட்டேன் என்று ரதீஷும், இரண்டு பஸ்ஸுக்கும் பொறுப்பு என்று ஸ்வப்னா டீச்சரும் வருகிறார்கள். இரண்டு டிரைவர்கள் வேறு. மேலே சொன்ன இரண்டு இலையோடு எழுபத்து நாலு இலை சேர்த்துக்கொள்ளவும். காண்ட்ராக்டரின் தம்பியைச் சமையலறையை விட்டு வெளியே வர வேண்டாம் என்று சொல்லவும், எப்படியும் அவனுக்கு நேரம் இருக்காது. பசங்கள் ரெக்கார்டு எழுத பெண்ணின் அம்மாவைப் பேட்டி எடுத்தே ஆக வேண்டும், அதற்கு மார்க் உண்டு. கேள்வித்தாளை நான்தான் தயாரித்தேன். முதல் கேள்வி, தம்பி வந்து வாசலில் நிற்கிறான், உள்ளே வா என்று சொல்வீர்களா? அறுபத்தொன்பது பேரும் ஒவ்வொருவராக வந்து கேட்பார்கள் என்று அக்காவிடம் சொல்லிவையுங்கள்.