நூற்று இருபத்தேழு சதவீதமும் ஒரு சிவப்பு வட்டமும்

நமகும்பா ஊர்,
சில்வா ஏரிக்கரை,
சனிக்கிழமை.

என் அக்கா மகனும், எனக்குப் பின் இந்த ஊர்த் தலைமை நாற்காலியில் உட்கார வேண்டியவனும், தற்சமயம் மாவட்ட சுகாதார அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதிய எண்களைச் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குபவனுமாகிய ரோட்வெலுக்கு, தாய்மாமன் அலுஃபேயோ எழுதுவது. நான் நலம், நீ எப்படியோ தெரியாது. உன் அம்மா எனிஃபா நலம். மக்காச்சோளம் முட்டி உயரம் வந்துவிட்டது. நிற்க.

போன தடவை நம் ஊரில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் நூற்றாறு பேர் என்று சுகாதாரப் பணியாளர் எலுபெ எழுதி அனுப்பினாள். உன் பட்டியலில் அந்த வயதுப் பிள்ளைகள் எண்பத்து மூன்றே பேர். அதை இதால் வகுத்து, நூற்று இருபத்தேழு சதவீதம் என்று கண்டுபிடித்து, அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "நம்பத்தகாதது" என்று எழுதித் திருப்பி அனுப்பியவன் நீ. பக்கத்து ஊர்த் தலைவர் சிலுங்கா தொண்ணூற்றாறு காட்டியதற்கு வானொலியில் பெயர் வாசித்துப் பாராட்டினார்கள். தொண்ணூற்றாறு ஜெயித்து நூற்று இருபத்தேழு தோற்கிற கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு? நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மிச்சத்தை உரமூட்டைகளில் அச்சடித்திருப்பதைப் பார்த்து நானே கற்றுக்கொண்டவன். எந்த மூட்டையிலும் இப்படி ஒரு கணக்கு இல்லை. சந்தையில் சிலுங்கா எல்லார் முன்னாலும் கேட்கிறார்: "என்ன தலைவரே, உங்க ஊர்ல ஊசி போட்டப்புறம்தான் பிள்ளையே பிறக்குதாமே?" கருவாட்டுக்காரி சிரித்தாள். கூடையிலிருந்த கருவாடுகூட வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தது.

சிரிப்பைப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் இரண்டாம் தவணை மருந்து உன் பட்டியலைப் பார்த்துத்தான் வரும் என்று எலுபெ சொன்னாள். ஒரு குப்பி பத்துப் பிள்ளைக்கு. எண்பத்து மூன்றுக்கு ஒன்பது குப்பி. மிச்சப் பிள்ளைகளுக்கு எதைப் போடுவது? உன் சிவப்பு மையையா? தட்டம்மை பட்டியல் பார்த்து வருவதில்லை, ரோட்வெல். நீ பிறக்கும் முன்பே உன் அம்மா ஒரு மகளை அதற்குக் கொடுத்தவள். அந்தப் பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

எங்கே தவறு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தலை எண்ண வந்தவர்கள் மீன் பருவத்தில் வந்தார்கள். மீன் பருவத்தில் பாதி ஊர் ஏரிக்குள், மிதக்கும் நாணல் குடிசைகளில், பெண்டாட்டி பிள்ளை கோழியோடு குடியிருக்கும். வந்தவர்கள் சாத்தியிருந்த கதவுகளைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஊசி நாளில் மட்டும் எல்லாரும் தோணியேறிக் கரைக்கு வருகிறார்கள். ஊசிக்குக் கை நீட்டுகிற பிள்ளை எண்ணுகிற அன்று ஊரில் இல்லை. இவ்வளவுதான் விஷயம், இதற்கு ஒரு வட்டம்.

சரி, நானே எண்ணுகிறேன் என்று கிளம்பினேன். "தலைவரே, உங்களுக்கு நீச்சல் தெரியாதே" என்றாள் எலுபெ. "பிள்ளைகளை எண்ணத்தானே போறேன், மீனையா?" என்றேன். கரையில் வீடு வீடாக ஏறி எண்ணியதில் எழுபத்தெட்டு. அப்புறம் தலைவர் கோட்டு, தொப்பி சகிதம் தோணியில் ஏறினேன். தொப்பியைக் காற்று முதல் நாணல் புதரிலேயே வாங்கிக்கொண்டது, தோணி சேற்றில் சிக்கிக்கொண்டது, தள்ள இறங்கியவன் இடுப்புவரை உள்ளே போனேன், எலுபெ என் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்து மேலே போட்டாள். ஆனாலும் விடவில்லை, குடிசை குடிசையாகப் போய், கூரையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஊசிப் புத்தகத்தை எடுக்கச் சொல்லிப் பார்த்து, பிள்ளைக்கு ஒரு மக்காச்சோள மணி என்று கோட்டுப் பையில் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசிக் குடிசையில் கோட்டைக் காயப்போட்டேன். காய்ந்ததும் எடுத்துப் பார்த்தால் பை காலி, பக்கத்தில் ஒரு கோழி வாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டுக்காரி, "தலைவரே, உங்க கணக்கு எங்க கோழி வயித்துல இருக்கு. அறுத்துப் பார்க்கட்டுமா?" என்றாள். "வேண்டாம்மா, குழம்பு வாசனை வந்தா இவர் கரைக்குத் திரும்ப மாட்டார்" என்றாள் எலுபெ. பெரியவனைக் கிண்டல் பண்ணுகிற காலம். மறுபடி முதல் குடிசையிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை வலை பின்னும் கயிறு; பிள்ளைக்கு ஒரு முடிச்சு. முப்பத்து நாலு முடிச்சு. எந்தக் கோழியும் தின்னாது.

அந்தக் கயிற்றோடு உன் அலுவலகத்துக்கு வந்தேன். நீ வேறு எந்த ஊரையோ சந்தேகப்படப் போயிருந்தாய். உன் மேலதிகாரி அம்மாள் இருந்தார். அவர் மேஜையில் கயிற்றை வைத்தேன்.

"என்னங்க ஐயா இது, மீன் வாசனை அடிக்குது?"

"உங்க பட்டியல்ல விட்டுப்போனதும்மா. முப்பத்து நாலு பிள்ளைங்க."

அந்த அம்மாள் ஒவ்வொரு முடிச்சாக விரலால் தொட்டு எண்ணினார். மறுநாள் தன் எழுத்தரையே எலுபெயோடு ஏரிக்குள் அனுப்பினார். போனவர் வாந்தி எடுத்துக்கொண்டே எண்ணினாராம். முப்பத்து நாலு, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. எண்பத்து மூன்று அடிக்கப்பட்டது. நூற்றுப் பன்னிரண்டு எழுதப்பட்டது. பன்னிரண்டு குப்பி வருகிறது! ஊரே குலவையிட்டது. உன் அம்மா ஆடினாள். அவள் ஆடி எத்தனை வருஷமாச்சு தெரியுமா?

இனி நம் ஊர் தொண்ணூற்று நாலு புள்ளி ஆறு சதவீதம். சிலுங்காவை விடக் குறைவுதான். நான் இறங்கவில்லை, நீ வகுக்கிற எண் ஏறியிருக்கிறது. விட்டுப்போன ஆறு பிள்ளைகளின் பெயரும் எனக்கு மனப்பாடம். சிலுங்கா சேற்றில் இறங்கி எண்ணிவிட்டு வரட்டும், அப்புறம் பேசுவோம்.

நேரத்துக்குச் சாப்பிடு. வட்டம் போடுகிற கைக்கும் வாழ்வு நீளட்டும். உன் பிள்ளைகள் உன்னைவிட நன்றாக எண்ணட்டும்.

அன்புள்ள மாமன்,
அலுஃபேயோ,
ஊர்த் தலைவர்.

பின்குறிப்பு: கடிதம் தபாலுக்குப் போகவில்லை, இன்று திங்கள், ஊசி நாள். வரிசையில் நூற்று முப்பத்தொரு பிள்ளைகள். நம் நூற்றுப் பன்னிரண்டும் வந்தாச்சு. மிச்சம் பத்தொன்பது பேர் ஏரிக்கு அக்கரையில் இருக்கிற மொசாம்பிக் நாட்டிலிருந்து, செய்தி கேட்டு விடியுமுன் தோணியேறியவர்கள். "தலைவரே, இவங்க நம்ம பட்டியல்ல இல்லையே" என்றாள் எலுபெ. "பட்டியலை மூடு, குப்பியைத் திற" என்றேன். வந்த வரிசைப்படி நூற்றிருபது பேருக்குப் போட்டு மருந்து தீர்ந்தது. நிற்கிற பதினொன்றில் நாலு நம் ஊர்ப் பிள்ளைகள். எலுபெ பனிப்பெட்டியோடு சைக்கிளில் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறாள். இரண்டு குப்பி கொடுத்தனுப்பு. அதற்குள் எதையும் எதாலும் வகுத்துத் தொலைக்காதே. பதினொரு பேரும் என் வீட்டில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருக்கிறார்கள். ஊசி போடாமல் ஒருவரையும் தோணியேற விடமாட்டேன்.