செத்த மாத்திரையும் ஊசல் ஐயாவும்

மாத்திரைக்கு உயிர் இருக்கிறதா, இல்லையா என்று சொல்லும் மகான் வந்துவிட்டார்! இனி ஆய்வுக்கூடம் எதற்கு? நூலில் கட்டிய பித்தளைக் குண்டு போதாதா? ஊசல் ஐயாவின் மாடி அறை வாசலில் செருப்பு மலை. எல்லார் கையிலும் சர்க்கரை நோய் மாத்திரை.

பெயர்பெற்ற கம்பெனி அட்டைக்கு மேல் குண்டு வட்டமடிக்கும். விலை குறைந்த ஜெனரிக் அட்டைக்கு மேல் அசையாது. "இது செத்துப்போச்சும்மா. கீழ கடையில நல்லதா வாங்கிக்கோ." கீழே மருந்துக் கடை வைத்திருப்பவர் ஐயாவின் மைத்துனர். தற்செயல்தான், நம்புங்கள்.

வரிசையில் நின்ற தையல்காரி ஒருத்தி நம்பினாள். டாக்டர் எழுதிய ஜெனரிக்கைக் குப்பையில் போட்டாள். விலை கூடியதை வாங்கினாள். கட்டுப்படியாகாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கினாள். சர்க்கரை ஏறியது, கண் மங்கியது, தைக்க வந்த துணி தேங்கியது.

"அண்ணி, ரெண்டும் ஒரே மருந்துதான்" என்றாள் நாத்தனார். "முதல் கம்பெனியோட தனி உரிமை முடிஞ்சதும் மத்தவங்களும் செய்யறாங்க. அதே மருந்து, அதே அளவு. ரத்தத்துல அதே மாதிரி சேருதுன்னு சோதிச்சுக் காட்டணும். பேரும் நிறமும்தான் வேற."

"போடி! குண்டு சுத்தினதை என் கண்ணால பார்த்தேன்."

"உன் கண்ணு லட்சணம்தான் தெரியுதே! ஊசியில நூல் கோக்க என்னைத்தானே கூப்பிடுற?"

மறுநாள் இருவரும் மாடியேறினார்கள். நாத்தனார் மூடிய டப்பிகளை வரிசையாக வைத்தாள். "ஐயா, அட்டையைப் பார்க்காமலும் உங்க குண்டு சொல்லுமா?"

"அட்டையைப் படிக்க அது என்ன பள்ளிக்கூடமா போச்சு?" என்று சிரித்தார் ஐயா.

முதல் டப்பி: செத்தது. இரண்டாவது: செத்தது. மூன்றாவதில் குண்டு ஆடித் தீர்த்தது. "அப்பப்பா, உயிர் துள்ளுதும்மா!" மற்றவற்றிலும் சிலது பிழைத்தது, சிலது செத்தது.

டப்பிகளைத் திறந்தாள். எல்லாவற்றிலும் சட்டைப் பொத்தான். ஒரே மாதிரி.

"துள்ளுற பொத்தானைச் சாப்பாட்டுக்கு முன்னாடி விழுங்கணுமா, பின்னாடியா ஐயா?" என்றது பின்வரிசை. சிரிப்பில் மாடி அதிர்ந்தது.

இதில் மாயம் ஏதுமில்லை. விரல் இம்மி அசைந்தால் போதும், நீள நூல் அதைப் பெரிதாக்கிவிடும். நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். குண்டு எப்போதும் உங்கள் விருப்பப்படியே சுற்றும்.

தையல்காரி மைத்துனர் கடையைத் தாண்டி நடந்தாள். "எதிர்க் கடைக்கு வாடி. டாக்டர் எழுதினதையே வாங்கி, இனிமே தினமும் போடறேன்."

ஐயா அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அது உங்கள் ஊராக இருக்கலாம். கழுத்துக்கு மேலே மூளை என்று ஒன்று உண்டு. உறை பிரிக்காமலே வைத்திருந்தால் அதுவும் காலாவதியாகும்.