பதினோராவது மாடியும் பதினாறு பக்கமும்

ராஜபாளையத்தில் எங்கள் நூற்பாலையின் மனமகிழ் மன்ற வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. திங்கள்தோறும் அதில் 'இந்த வார நாவல்' என்று தலைப்புப் போட்டு நாலு வரி கருத்து எழுதுகிறவன் நான். 1987-ல் எனக்கென்று இருந்த ஒரே மரியாதை அந்த நாலு வரிதான். நான் 'சுமார்' என்று எழுதிவிட்டால் மில்லில் ஒருவரும் அந்த நாவலைத் தொடமாட்டார்கள்.

அதற்கு வந்தது ஆபத்து. மன்றச் செயலாளர் ஐயாதுரை ஒருநாள் என் வீட்டுக்கு வந்து காபி குடித்தார்.

"அண்ணாச்சி, போன வாரப் பேய் நாவலப் பத்தி மதினிகிட்ட கேட்டேன். 'பேய்க்கு வேலைவெட்டி இல்ல, அதான் பங்களாவையே சுத்துது'ன்னாக. சிரிச்சு மாளல. பேசாம பலகைய அவியகிட்ட குடுத்துருவமா?"

நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

மதினி என்றது என் மனைவி பரிபூரணத்தை. அவளுக்கு நாவலின் கடைசி தெரியாவிட்டால் எப்படிக் கருத்து சொல்வாள்? அன்றே திட்டம் போட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். நாவலை முதலில் நான் படிப்பேன், பிறகுதான் அவள். வாடகை நூலகத்துச் சமுத்திரம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சைக்கிளில் வந்து நாவலைக் கொடுத்துவிட்டுப் போவார். நான் ஷிப்ட் முடிந்து நாலு மணிக்கு வரும்போது அது என் நாற்காலியில் தயாராக இருக்கும்.

அந்த வாரம் வந்தது 'பதினோராவது மாடியில் ஒரு பிணம்'. எங்கள் ஊரில் பதினோரு மாடி கிடையாது. ஆகவே மரியாதையோடு படித்தேன். முடித்ததும் கடைசி எட்டுப் பக்கத்தைச் சவர பிளேடால் அறுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை அவளிடம் கொடுத்தேன்.

ஞாயிறு முழுக்கக் காத்திருந்தேன். புரட்டினாள். மூடினாள். பருப்பு கடைந்தாள். கடைசிப் பக்கம் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நாவல் எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு."

"முடிவு?"

"கொழம்புக்கு உப்பு பாருங்க."

திங்கள் காலை பலகையில் எழுதினேன்: 'தொடக்கம் விறுவிறுப்பு. நடுப்பகுதி இழுவை. தாராளமாகக் குறைத்திருக்கலாம். கொலைகாரனை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதே விளங்கவில்லை, ஆசிரியர் கவனக்குறைவு.'

சாயங்காலம் ஐயாதுரை சாக்பீஸ் டப்பாவோடு வந்துவிட்டார்.

"மதினி, நீங்களும் படிச்சீகளா? யாரு கொலைகாரன்?"

"லிப்ட்டுக்காரன்."

சரியான விடை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சட்டைப்பையிலிருந்து எட்டுப் பக்கத்தையும் உருவி நீட்டினேன்.

"ஒனக்கு எப்படிட்டி தெரியும்? கடைசிப் பக்கம் பூரா எங்கிட்டல்லா இருக்கு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதில் விழுந்தது. ஐயாதுரை பக்கங்களைப் பார்த்தார். பிளேடு வெட்டைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

பரிபூரணம் சாவகாசமாகச் சொன்னாள்.

"சமுத்திரம் பத்து மணிக்குக் குடுத்தா, பன்னெண்டுக்குள்ள முடிச்சிட்டு நாக்காலியில வச்சிருவேன். ஒம்பது வருசமா அப்படித்தான். இவுகதான் மொதல்ல படிச்சதா இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட்டுருவேன்."

அதோடு விட்டிருக்கலாம். எழுந்துபோய் அரிசி டிரம்மைத் திறந்து, பதினாறு பக்கம் கொண்டுவந்தாள்.

"இது என்ன மதினி?"

"நடுப்பக்கம். இவுக நெசமாவே படிக்காகளான்னு பாக்கணும்னு ரொம்ப நாளா ஆச. இந்தத் தடவ நடுவுல அடிச்சிருந்த கம்பிப் பின்ன நிமித்தி உருவிட்டுத்தான் நாக்காலியில வச்சேன். லிப்ட்டுக்காரன் மாட்டுததுக்கான தடயம் பூரா இதுலதான் இருக்கு."

ஐயாதுரை சாக்பீஸ் டப்பாவை அவள் கையில் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஆறுதலாகவே சொன்னார்:

"நடுப்பகுதியக் கொறைக்கணும்னு எழுதுனீக. மதினி கொறச்சுத்தான் குடுத்துருக்காக, அண்ணாச்சி."