‘அருமையான’ என்பதோடு நிறுத்தியிருக்கலாம்

அன்புத் தங்கை ஹில்டாவுக்கு,

அண்ணன் ஆர்னால்டு எழுதுவது. மானத்தைத் தவிர மற்றபடி நலம். நீயும் உன் பூனையும் சௌக்கியம்தானே? விட்பியில் உன் மாடி அறையைக் காலி செய்து வை. இந்த ஊரில் இனி நான் தலைகாட்ட முடியாது.

எல்லாம் தேவாலயத்துப் பழஞ்சாமான் விற்பனையில் வாங்கிய இலக்கணப் புத்தகத்தால் வந்த வினை. ஒன்றை வர்ணிக்கும்போது நம் ஆங்கிலத்தில் அபிப்பிராயம் முதலில், பிறகு அளவு, வயது, வடிவம், நிறம், ஊர் என்றுதான் சொற்கள் வரவேண்டுமாம். பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை. ஆனாலும் கறிக்கடைக்காரர் முதல் பாதிரியார் வரை ஒருவரும் தவறுவதில்லை. விதி என்று ஒன்று இருப்பது தெரியும்வரை நானும் தவறியதில்லை. தெரிந்த பிறகோ, நாக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் என்னிடம் அனுமதி கேட்கிறது. மதுக்கடையில், "ஆர்னால்டு, நீ பீர் கேட்டு முடிக்கறதுக்குள்ள நான் கடைய சாத்திடுவேன்" என்கிறான் கடைக்காரன்.

இந்த லட்சணத்தில், ஞாயிறன்று பக்கத்து வீட்டு மேவிஸிடம் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்கப் போனேன். அவளும் தனி, நானும் தனி.

"வாங்க ஆர்னால்டு. கோட்டெல்லாம் போட்டிருக்கீங்க, யாரு செத்தா?"

முதலில் நாலு நல்ல வார்த்தை சொல்வோம் என்று, "மேவிஸ், நீங்க ஒரு அருமையான..." என்று தொடங்கினேன். முகம் மலர்ந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அபிப்பிராயத்துக்கு அடுத்தது அளவாயிற்றே! "பருத்த..." என்றேன். அடுத்தது வயது. தொடங்கியதைப் பாதியில் விட்டவனா நான்? "வயசான, உருண்டையான, நரைச்ச, லங்காஷயர்ப் பொம்பள" என்று முடித்தேன். அவள் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி, நம் யார்க்‌ஷயருக்குப் பரம்பரைப் பகையான சீமைக்காரி என்பதை இத்தனை வருடத்தில் இங்கே எவரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

கதவைச் சாத்திவிட்டாள். "ஒரு வார்த்தைகூட இடம் மாறல, மேவிஸ்!" என்று தபால் துளை வழியாகக் கத்தினேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன். சரியாகச் சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு? மூட்டை கட்டியாகிவிட்டது.

கடவுள் உன்னையும் பூனையையும் காக்கட்டும்.

அன்பு அண்ணன்,
ஆர்னால்டு

பி.கு.: உறையை ஒட்டப் போகையில், மேவிஸ் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். "யோவ், பிடிவாதம் புடிச்ச, நெட்டையான, கிழட்டு, கோணல்மாணலான, செவந்துபோன யார்க்‌ஷயர்க் கழுத! கேக்க வந்தத கேக்காமலே போயிட்டியே! எனக்குச் சம்மதம். டீ ஆறுது, வாய்யா!"

அவள் அந்தப் புத்தகத்தைத் தொட்டதுகூட இல்லை, ஹில்டா. எடுத்துச் சரிபார்த்தேன். வரிசை அச்சுப் பிசகவில்லை.

மாடி அறை பூனைக்கே இருக்கட்டும்.