பேசுவது பாத்திரம்

உள்ளதை உள்ளபடி எழுதுகிறவர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பேருந்தில் யாராவது காலை மிதித்தால் மிதித்தவரிடம் தானே மன்னிப்புக் கேட்பார். பால்காரரை 'அண்ணாச்சி' போடாமல் கூப்பிடமாட்டார். வீட்டில் மனைவி அதட்டினால் வாய் திறக்காமல் மாடிக்குப் போய்விடுவார். ஆனால் மாடியில் பேனாவைத் திறந்துவிட்டால் போதும், அடுத்த சாதிக்காரன், அடுத்த மதத்துக்காரன், கறுத்தவள், கால் ஊனமானவன் என்று ஒருவர் பாக்கியில்லாமல் வசைச்சொல்லால் குளிப்பாட்டி எடுத்துவிட்டுத்தான் கீழே இறங்குவார். ஏன் ஐயா என்று கேளுங்களேன். "பேசுவது நானா? பாத்திரம்லா பேசுது!"

எவ்வளவு வசதி! திட்டியதற்குப் பாத்திரம் பொறுப்பு. விருது கிடைத்தால் மட்டும் ஆசிரியர் போய் வாங்கிக்கொள்வார்.

பூதப்பாண்டிப் பக்கம் பகவதியப்பன் இந்த இனத்தில் கலப்படமில்லாதவர். அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்று, மனைவி தாணம்மாளின் சமையலிலும் தன்னுடைய நாவல்களிலும் வாழ்ந்துகொண்டிருந்தார். அந்த நாவல்களுக்குப் பிழைதிருத்துகிறவர் மரியஜான். முட்டத்துக் கடற்கரைக்காரர். பணிக்காலம் முழுக்க இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் சோற்றை மற்றவர் தின்று, ஒருவரையொருவர் 'லே மக்கா' என்றே கூப்பிட்டு வயதானவர்கள். ஓய்வுபெற்ற பிறகும் சனிக்கிழமையானால் மரியஜான் ஒரு கையில் மீனும் மறு கையில் திருத்திய தாள்களுமாக வந்து இறங்குவார்.

பகவதியப்பனின் புது நாவலில் ஒரு பண்ணையார் வருகிறார். கடற்கரை மக்களைக் குறித்து உள்நாட்டுக்காரர்கள் சொல்கிற ஒரு சொல் அவர் வாயில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. மரியஜான் பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் நாளே கேட்ட சொல்தான். நான் அதை இங்கே எழுதப்போவதில்லை.

அந்தச் சனிக்கிழமை மரியஜான் தாள்களை மேசையில் வைத்துவிட்டுத் தயங்கினார்.

"ஒரு சின்ன சந்தேகம் மக்கா. மீன்காரிகிட்ட சண்ட போடும்போ பண்ணையாரு அந்தச் சொல்லச் சொல்லுகாரு. சரி, சொல்லுவாங்க, நானே கேட்டிருக்கேன். கொளத்துல தனியா குளிச்சிட்டிருக்கும்போ எதுக்கு மனசுக்குள்ள அத நெனைக்காரு? அங்க மீனும் இல்ல, மீன்காரியும் இல்லலா?"

"அது நனவோடை."

"ஓ."

"அவன் மனசு அப்படி. நான் என்ன செய்யதுக்கு?"

"அவன உண்டாக்கினது நீதானே மக்கா?"

"உண்டாக்குறதோட நம்ம வேல தீந்துபோச்சு, கேட்டியா. அதுக்குப் பொறவு பாத்திரம் அதுக்க இஷ்டத்துக்குப் பேசும். கையப் பிடிச்சு நிறுத்த முடியுமா?"

மரியஜான் தாள்களைப் புரட்டினார். ஓரிடத்தில் அந்தச் சொல்லில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. சிவப்பு மையால் அந்தக் காலைப் போட்டுக் கொடுத்துவிட்டு, மீன் குழம்பு கொதிக்கும் முன்பே கிளம்பிப் போனார்.

நாவல் வெளியீடு மார்த்தாண்டத்தில் நடந்தது. நாடகக்குரல் உள்ள ஒருவர் மேடையேறி ஓர் அத்தியாயத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். அந்தச் சொல் வந்தபோதெல்லாம் அரங்கு கலகலவென்று சிரித்தது. அதற்குப் பிறகு பேசியவர்கள் 'துணிச்சல்' என்றார்கள், 'மண்ணின் மொழி' என்றார்கள், 'பாசாங்கற்ற எழுத்து' என்றார்கள். பகவதியப்பன் பொன்னாடைக்குள்ளிருந்து பணிவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். மரியஜான் நடுவரிசையில் தரையைப் பார்த்தபடி இருந்தார். பக்கத்தில் அவர் மகள் பிரிஜா, கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். கேள்வி கேட்கலாம் என்று அறிவித்ததும் அவள்தான் எழுந்தாள்.

"மாமா, நாவல்ல நம்ம மாவட்டத்துல உள்ள எல்லாரையும் திட்டியிருக்கு. ஆனா உங்க ஆட்களத் திட்டுத சொல்லு மட்டும் ஒரு இடத்துலயும் இல்லையே. அப்படி ஒரு சொல்லு கெடையாதா?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

"கதைக்குத் தேவைப்படல பிள்ள," என்றார் பகவதியப்பன். எல்லாருக்கும் தேநீர் தயாராக இருப்பது விழாத் தலைவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சில மாதம் கழித்து ஒரு சிற்றிதழில் மரியஜான் பெயரில் ஒரு சிறுகதை வந்தது. மனுஷன் வாழ்க்கையில் எழுதிய முதல் கதை. பகவதியப்பன் பெருந்தன்மையோடு படிக்க ஆரம்பித்தார். நம்மால் வளர்ந்தவன் அல்லவா! வள்ளத்தில் உட்கார்ந்து வலையைச் சரிபண்ணுகிற ஒரு கிழவர், கரையில் குடைபிடித்து நடந்துபோகிற ஒருவரைப் பார்த்து மனதுக்குள் ஒரு சொல்லை நினைக்கிறார். ஒரே ஒரு தடவை. பகவதியப்பனின் ஆட்களைக் குறித்துக் கடற்கரையில் சொல்கிற சொல்.

அவருக்குக் காது மடல் சுட்டது. மறுபடி படித்தார், மறுபடியும் அதுவே இருந்தது. இதழாசிரியரைக் கைபேசியில் கூப்பிட்டுச் சமூக நல்லிணக்கம் பற்றி நெடுநேரம் பேசினார். ஆறவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முட்டத்துக்கே போய்விட்டார்.

"என்ன லே எழுதி வச்சிருக்க?"

"கதை மக்கா. இரி, சாயா குடி."

"அந்தச் சொல்லு!"

"அதா? நான் எங்க சொன்னேன்? வள்ளத்துல இருக்கவன்லா நெனைக்கான்."

"உனக்க பேருலதானே வந்திருக்கு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. சாயாவை ஒரு மடக்குக் குடித்து வாயைச் சுட்டுக்கொண்டார்.

"உள்ளதத்தான் எழுதினேன். எங்க அய்யா அப்படித்தான் பேசுவாரு."

"உள்ளத எல்லாம் எழுதணும்னு சட்டமா இருக்கு? படிக்கவனுக்கு வலிக்கும்லா?"

மரியஜான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை.

"வலிக்கா மக்கா?"

பகவதியப்பன் சாயாவை ஊதினார்.

"அப்ப புஸ்தகமா வரும்போ எடுத்திருதேன்."

அவ்வளவுதான். கருத்துச் சுதந்திரம், கலையின் தேவை என்று எதிராளி எதை இழுத்தாலும் வெட்டிப் பேசத் தயாராக வந்தவருக்கு வாதாட ஆளில்லாமல் போனது எவ்வளவு பெரிய ஏமாற்றம் என்று உங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தவர் தாணம்மாளிடம் நடந்ததைச் சொன்னார். "அவர் எடுக்கேன்னாருல்லா? நீங்களும் எடுத்திருங்க," என்றாள், அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பகவதியப்பன் கெட்டவரில்லை. உண்மையாகவே மாடிக்குப் போய், இரண்டாம் பதிப்புக்கு வைத்திருந்த படியில் பண்ணையாரின் வாயிலிருந்து அந்தச் சொல்லை ஒவ்வொன்றாக அடித்தார். மனதிலிருந்தும் அடித்தார். அடிக்க அடிக்கப் பயம் வந்தது. இரண்டாம் அத்தியாயத்தில் 'என்றார்' மட்டும் நின்றது. குளத்துக் காட்சியில் 'என்று நினைத்துக்கொண்டார்' மிஞ்சியது; என்ன நினைத்தார்? ஒன்றுமில்லை. அவ்வளவு பெரிய நாவலில் அந்த மனிதருக்குப் பிள்ளைகளைப் பற்றி ஒரு கவலை இல்லை, மழையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, சாவைப் பற்றி ஒரு பயம் இல்லை. சொல்லை எடுத்ததும் ஆளையே காணோம். விமர்சகர்கள் 'ரத்தமும் சதையுமான பாத்திரம்' என்று எழுதியிருந்தார்களே, அந்த ரத்தமும் சதையும் வெறும் நாலெழுத்து!

பிறகென்ன செய்தார் என்கிறீர்கள்? அடித்ததையெல்லாம் திரும்ப எழுதினார். இரண்டாம் பதிப்புக்கு, எழுத்தாளன் பேனாவுக்கு யாரும் பூட்டுப் போட முடியாது என்று ஆவேசமாக ஒரு முன்னுரையும் சேர்த்தார். அது மிகவும் பாராட்டப்பட்டது.

சனிக்கிழமைகளில் மரியஜான் வருவது நின்றுபோனது. முதலில் உடம்பு சரியில்லை என்றார், பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். சனிக்கிழமை வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் பகவதியப்பன் மட்டும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரிஜாவுக்குக் கல்யாணம் வந்தது. அழைப்பிதழ் தாணம்மாள் பெயருக்கு வந்தது, 'குடும்பத்தினருடன்' என்று. குடும்பத்தினராக அவரும் போனார்.

மண்டப வாசலில் மரியஜான் எல்லாரையும் கைகூப்பி வரவேற்றுக்கொண்டிருந்தார். "மைனி, வாங்க," என்று அண்ணி முறை வைத்துத் தாணம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பகவதியப்பனைப் பார்த்துக் கைகூப்பிச் சிரித்தார்.

"வாங்க சார். கட்டாயம் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

வசைச்சொற்களில் கரைகண்ட மனிதர், கொச்சைக்கு அஞ்சாதவர், அந்த ஒரு 'சார்' என்ற மரியாதையைத் தாங்கமாட்டாமல் கடைசிப் பந்திக்குப் போய் உட்கார்ந்து இலையில் விழுந்ததை எது என்று பாராமல் தின்றுவிட்டு வந்தார்.

பகவதியப்பனைப் பார்த்துச் சிரித்தீர்கள் அல்லவா? சந்தோஷம். அந்த இரண்டு சொற்களையும் நான் கடைசிவரை சொல்லவில்லை. ஆனாலும் எது, எது என்று நீங்கள் மனதுக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். ஒன்றிரண்டு கனகச்சிதமாகப் பொருந்தியும் இருக்கும். எனக்கு ஒரே ஒரு சந்தேகந்தான்: அங்கே பாத்திரம் எதுவும் இல்லையே, அப்போது பேசியது யார்?