பச்சைக் கட்டக்காரர்

மூன்றாவது முயற்சியில் பத்தாம் வகுப்புக் கணக்கு. கமுதியிலிருந்து இராமநாதபுரம் வரை பஸ் கம்பியில் தொங்கியபடியே படித்து வாங்கிய கம்ப்யூட்டர் டிப்ளமோ. 'மிளகாய்க் காட்டுல நிக்க வேண்டியவனுக்கு ஏசி ரூம் கேக்குதோ' என்று சிரித்த பெரியப்பாவே, பிறகு ஒரு நாள் 'தம்பி, என் போனைக் கொஞ்சம் பாருப்பா' என்று வந்து நின்றது. இங்கிலீஷில் தொடர்ந்து நாலு வாக்கியம் பேசினால் தொண்டை அடைத்துக்கொள்கிற உடம்பை வைத்துக்கொண்டு தேறிய நேர்காணல். கடைசியாக, உச்சிப்புளியில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியில், 'கணினிப் பாதுகாப்புப் பொறுப்பாளர்' என்று கதவில் பலகை மாட்டிய தனி அறை. இவ்வளவையும் வென்றவன் என் தம்பி மாரீஸ்வரன். கூடப் பிறந்தவள் என்பதற்காகக் கூட்டிச் சொல்லவில்லை. கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவனை ஏன் கேலிக்கு இழுக்கிறாய் என்று கேட்பீர்கள். நான் இழுக்கவில்லை, அவனே வந்து நிற்கிறான். ஏனென்றால் அவன் பச்சைக் கட்டக்காரர் இனம்.

இந்த இனத்தை உங்களுக்கு நன்றாகத் தெரியும். பெயர்தான் தெரியாமல் இருந்திருக்கும். ஒரு வேலை நடந்ததா இல்லையா என்பது பச்சைக் கட்டக்காரரின் கவலை அல்ல. அந்த வேலைக்கு எதிரே கம்ப்யூட்டரில் இருக்கும் சிவப்புக் கட்டம் பச்சையானதா என்பதே கவலை. கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் மூக்கைக் கேட்க மாட்டார், கதவில் ஒட்டிய தாளில் டிக் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். மரம் நட்டீர்களா? போட்டோ இருக்கிறது. மரம் எங்கே? அது வேறு இலாகா. சர்க்கரை குறையவேண்டும் என்று டாக்டர் சொன்னால், வருடம் முழுக்க ஜிலேபி தின்றுவிட்டு, பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து, காகிதத்தில் நல்ல எண்ணாக வாங்கிக்கொண்டு, வரும் வழியிலேயே அதைக் கொண்டாட ஜிலேபி வாங்குவார். அவர் வாயில் மூன்று வாக்கியங்கள் எப்போதும் தயாராக இருக்கும். 'முடிஞ்சுருச்சு சார்.' 'அப்டேட் பண்ணிட்டேன் சார்.' 'நம்ம பக்கம் கிளியர் சார்.' எது முடிந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

என் தம்பி முழு உருவில் வெளிப்பட்டது போன வருடத்துக்கு முந்தின வருடம். யாரோ ஒரு திருடன், எந்த ஊரில் உட்கார்ந்திருந்தானோ, கம்பெனி மெயிலுக்குள் புகுந்து முதலாளி காஜா நவாஸ் பேரிலேயே வெளிநாட்டு வியாபாரிக்குக் கடிதம் போட்டுவிட்டான்: 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிமேல் இந்த எண்ணுக்கு அனுப்பவும்.' அந்த வியாபாரி புத்திசாலி. போன் போட்டுக் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் ஒரு நிபந்தனையும் போட்டார். உங்கள் கம்ப்யூட்டருக்குள் யார் பெயரில் யார் நுழைகிறார்கள் என்று எனக்குத் தெரியவேண்டும்; ஜூன் கடைசிக்குள் எண்ணிக்கையோடு காட்டுங்கள்; இல்லாவிட்டால் ஜூலையிலிருந்து ஆர்டர் கிடையாது.

காஜா நவாஸ் தம்பியைக் கூப்பிட்டார்.

"மாரீசு, இந்தப் பார்ட்டி போனா பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பணும்ப்பா."

"போகாது பாய்."

"போனா முதல் ஆளு நீதான். அதையும் சொல்லிட்டேன்."

அன்றைக்கே சுவரில் ஒரு பெரிய திரை ஏறியது. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தொடுகிற முப்பத்தாறு பேருக்கும் ஆளுக்கொரு கட்டம். எல்லாம் சிவப்பு. நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்: 'எல்லாரும் கவனமா இருங்க' என்று சுற்றறிக்கை விடுகிற அதிகாரியைவிட, 'எத்தனை பேர், எந்தத் தேதிக்குள்' என்று கேட்கிறவன் உசத்தி. கவனத்தை யார் எடை போட முடியும்? ஆளை எண்ணலாம். அந்த மட்டில் தம்பி சரியாகத்தான் தொடங்கினான்.

முதல் இலக்கு: எல்லாரும் கடவுச்சொல்லை மாற்றவேண்டும். ஒரே நாளில் மாற்றினார்கள். வாசல் மேஜையில் உட்காரும் மாலதி, நல்ல மனசுக்காரி, யாரும் மண்டையைப் போட்டு உடைக்க வேண்டாமே என்று தானே ஒன்றை யோசித்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். முப்பத்தைந்து பேரும் அதையே வைத்துக்கொண்டார்கள். பச்சை. அடுத்த இலக்கு: கடவுச்சொல்லை எழுதித் திரையில் ஒட்டக்கூடாது. எல்லாச் சீட்டையும் கிழித்தார்கள். ஒரே சொல்லை எதற்கு எழுதி ஒட்டவேண்டும்? பச்சை. அதற்கடுத்தது: வேலையை விட்டுப் போனவர்களின் கணக்கை மூடவேண்டும். பில் போடும் காளிதாஸ் தூத்துக்குடிக்குப் போய் வேறு வேலையில் சேர்ந்து குழந்தையும் பெற்றுவிட்டார். ஆனால் அவர் பெயரில்தான் பில் ஓடுகிறது. மூடினால் பில் நின்றுவிடும். தம்பி ஓர் இரவு யோசித்து, காளிதாஸ் பெயருக்கு எதிரே 'நீண்ட விடுப்பு' என்று போட்டான். விடுப்பில் இருப்பவர் வேலையை விட்டவரா? இல்லையே. பச்சை!

கடைசி இலக்குதான் பெரியது. கடவுச்சொல் போட்டால் மட்டும் போதாது. அவரவர் போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணையும் போட்டால்தான் கதவு திறக்கும். அதுவும் முதல் முயற்சியிலேயே திறந்தால்தான் கட்டம் பச்சை. இங்கேதான் ஒரு சிக்கல். இறால் கையாளும் இடம் என்பதால் கட்டடத்துக்குள் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் வெளிக் கேட்டில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு, மாலையில்தான் எடுக்கலாம். எண் போனுக்கு வரும். போன் கேட்டில் இருக்கும். ஆள் உள்ளே இருப்பார். ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் எண் காலாவதியாகிவிடும்.

கட்டடத்துக்குள் போன் வைத்துக்கொள்ள அனுமதி உள்ள ஒரே ஆள் மாலதி. வெளியிலிருந்து வரும் அழைப்புகளை எடுக்கவேண்டுமே. பிறகென்ன? முப்பத்துநாலு பேர் தங்கள் எண்ணுக்குப் பதிலாக மாலதியின் எண்ணைக் கொடுத்தார்கள். என் தம்பியும் கொடுத்தான். பாய் பேருக்கும் அதே எண்தான். காலை ஒன்பது மணிக்கு அந்த அலுவலகம் ஏலக்கடை மாதிரி இருக்கும். "மாலதிக்கா, எனக்கு?" "நாலு ஏழு சைபர்..." "மாலதி, எனக்கு வந்துச்சா?" "இருங்கண்ணே, யுவராணிக்கு முடிச்சுட்டு வாரேன்." எல்லாரும் முதல் முயற்சியிலேயே உள்ளே போனார்கள். திரை முழுவதும் பச்சை.

ஒன்றைத் தவிர. அது தக்சிகாவின் கட்டம்.

தக்சிகா மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருகிற பெண். கன்டெய்னரில் என்ன போகிறது என்று சரக்குப் பட்டியல் அடிக்கிற வேலை. அவள் மட்டும் தன் சொந்த எண்ணைக் கொடுத்திருந்தாள். தினமும் காலையில் கேட்டுக்கு ஓடுவாள், போனைப் பார்ப்பாள், எண்ணை முணுமுணுத்துக்கொண்டே திரும்பி ஓடிவருவாள், காலாவதி என்று வரும், மறுபடி ஓடுவாள். தலைக்கு மேல் பக்கத்துத் தளத்து நேவி ஹெலிகாப்டர் போனால் முணுமுணுத்தது மறந்துவிடும். அது இன்னொரு ஓட்டம். தம்பி அவளைக் கூப்பிட்டான்.

"ஏம்மா, உன் ஒருத்தியால போர்டே கெட்டுக் கிடக்கு. மாலதி நம்பரைக் குடுத்தா என்ன?"

"நான் அவவோட கதைக்கிறேல்ல, சேர்."

"ஏன்?"

"ஃபேனைத் தன்ர பக்கம் திருப்பி வச்சவ. ஏன் எண்டு கேட்டதுக்கு, 'மண்டபத்துல கடல்காத்து வாங்குனவளுக்கு ஃபேன் எதுக்கு' எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டா."

பாதுகாப்பில் இவ்வளவு உறுதியான பெண்ணைக் கண்டு தம்பி மகிழ்ந்திருக்க வேண்டும். பச்சைக் கட்டக்காரர் மகிழமாட்டார். மறுநாளே கம்பெனிச் செலவில் தக்சிகாவின் மேஜைக்கு ஒரு புது ஃபேன் வந்தது. அவள் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "காத்துக்கு நன்றி சேர். நம்பர் குடுக்கேலாது." அவ்வளவுதான்.

ஜூன் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, சாப்பிட உட்கார்ந்த தம்பி முகம் தெளிந்திருந்தது.

"வழி கிடைச்சுருச்சுக்கா. அந்தப் புள்ளைய மாசக் கடைசிக்குள்ள பேக்கிங்குக்கு மாத்துறேன். பேக்கிங்ல கம்ப்யூட்டர் கிடையாது. கட்டமே இருக்காது."

"ஏலே, பேக்கிங்னா தினக்கூலியாச்சே. அவ என்னலே தப்புப் பண்ணுனா?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லக்கா. கட்டம் சிவப்பா இருக்குல்ல."

"அதுக்கு?"

"முப்பத்தஞ்சுக்கு முப்பத்தஞ்சு வந்துரும். நூத்துக்கு நூறு." ரசத்தை ஊற்றிப் பிசைந்தபடி சொன்னான். ஒரு பெண் படித்துப் பிடித்த நாற்காலி, ரசம் வற்றுவதற்குள் போய்விட்டது. உத்தரவையும் அடித்து வைத்துவிட்டானாம்.

மாதம் முடியும் முன்பே வியாபாரியின் சார்பில் சென்னையிலிருந்து மாஷிதா என்ற பெண் பார்வையிட வந்துவிட்டார். டீ குடித்தார். திரையைப் பார்த்தார். ஒரு சிவப்பு தவிர எல்லாம் பச்சையா, நல்லது என்றார். தம்பிக்குக் காது வரை வாய். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"எல்லாரும் கணக்கிலிருந்து ஒரு தடவை வெளிய வந்துட்டு, திரும்ப உள்ள போங்க, பாப்போம்."

எல்லாரும் வெளியே வந்தார்கள். கடவுச்சொல் போட்டார்கள். வாசல் மேஜையைத் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலி காலி. மாலதி கமுதிப் பக்கம் குலசாமி கோயிலில் மகனுக்குக் காது குத்தப் போயிருந்தாள். முந்தின மாலை யாரும் கணக்கை விட்டு வெளியே வராததால் காலையில் அவளைத் தேடவில்லை. விடுப்புக் கொடுத்தவன் என் தம்பிதான். 'விண்ணப்பித்த அன்றே விடுப்பு' என்பதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

கம்பெனி போனை எடுத்து அழைத்தான். மறுமுனையில் மேளம்.

"மாலதி, நம்பர் வந்துச்சா?"

"வந்துக்கிட்டே இருக்கு சார்! எதைச் சொல்ல?"

"முதல்ல என்னோடதச் சொல்லு."

"எது உங்களோடதுன்னு எப்படி சார் தெரியும்? பேரு போட்டு வரலையே. அங்கன இருந்தா ஒவ்வொருத்தரா கேப்பீங்க. இப்ப எல்லாம் மொத்தமா வந்து விழுது."

போன் கைமாறியது. மாலதியின் மாமனார் மூக்கையா.

"யாருய்யா அது? புள்ள மாமன் மடியில உக்காந்திருக்கான், ஆசாரி ஊசியோட நிக்கிறாரு, இந்த நேரத்துல நம்பர் நம்பர்னு கேக்குறீக? லாட்டரி கீட்டரி நடத்துறீகளா?"

அலுவலகத்தில் ஆளுக்கொரு எண்ணை அடித்துப் பார்த்தார்கள். மூன்று முறை தவறினால் கணக்கு அரை நாள் பூட்டிக்கொள்ளும் என்பதும் தம்பி வைத்த இலக்குகளில் ஒன்று. அது மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. ஒவ்வொரு திரையாகப் பூட்டிக்கொண்டது. பாய் கணக்கும் பூட்டிக்கொண்டது. வெளியே, இறால் ஏற்றிய லாரி தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கிளம்பச் சரக்குப் பட்டியலுக்காக உறுமிக்கொண்டு நின்றது.

அப்போது கேட்டிலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்த தக்சிகா, எண்ணை அடித்தாள். காலாவதி. மறுபடி ஓடினாள். திரும்பி வந்து அடித்தாள். திறந்தது. சரக்குப் பட்டியல் அச்சாகி வந்தது. லாரி போயிற்று.

"இவங்களுக்கு மட்டும் எப்படித் திறந்துச்சு?" என்று மாஷிதா கேட்டார்.

காஜா நவாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அவளுக்கும் மாலதிக்கும் சண்டைம்மா. அல்லாவாப் பாத்து மூட்டிவிட்டது."

மாஷிதா சிரித்தார். பிறகு சிரிக்காமல் தம்பி பக்கம் திரும்பினார். "சார், நான் கொண்டுபோற அறிக்கையில என்ன எண் போடட்டும்? இது என்னோட கணக்கு இல்ல. நீங்க சொல்றதைத்தான் போடுவேன்."

பாய் பின்னால் நின்று கண்ணைக் காட்டினார். மாலதி லீவு, நாளைக்கு வந்துருவா, நூறுன்னு சொல்லு என்கிற கண். சொல்லியிருந்தால் அந்தப் பெண் நம்பியிருக்க மாட்டார், ஆனால் எழுதியிருப்பார். ஆர்டர் போனால் முதல் ஆள் தம்பி. சாதாரணப் பச்சைக் கட்டக்காரர் இந்த இடத்தில் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். நானும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பேன்.

"ஒண்ணு" என்றானாம்.

"நூத்துக்கா?"

"முப்பத்தாறுக்கு."

சொன்ன பிறகு நாக்குக்குப் பயம் விட்டுப் போயிருக்க வேண்டும். போன் பெட்டியைக் கேட்டிலிருந்து அலுவலக வாசலுக்குக் கொண்டுவருகிறேன், இறால் கையாளும் பக்கம் போன் போகாது, அவரவர் எண் அவரவருக்கே, காளிதாஸ் கணக்கை இன்றைக்கே மூடுகிறேன், ஜூலைக் கடைசியில் ஒன்பது பேர், ஆகஸ்டில் இருபது பேர், வந்து எண்ணிப் பாருங்கள் என்று கொட்டினான். அதுவும் இங்கிலீஷில். நாலு வாக்கியத்துக்கு மேல்.

ஜூலைக்குப் பாதி ஆர்டர் வந்தது. மீதி, ஆட்களை எண்ணிப் பார்த்த பிறகு என்றார்கள். தம்பியின் வேலையும் தப்பியது. தக்சிகாவின் மாறுதல் உத்தரவை அவனே அழித்தான். அவளும் மாலதியும் இன்றைக்கும் பேசிக்கொள்வதில்லை. சமாதானம் செய்து வைக்க இப்போது யாரும் முயல்வதுமில்லை.

படித்துவிட்டுச் சிரித்தீர்கள் அல்லவா? நல்லது. உங்கள் வங்கியிலிருந்து வருகிற எண் யார் போனுக்கு வருகிறது? சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கா? கடவுச்சொல் உங்களுடையதா, அல்லது இ-சேவை மையத்துப் பையன் வைத்துக் கொடுத்ததா? 'நிபந்தனைகள் முழுவதையும் படித்துவிட்டேன்' என்ற கட்டத்தில் போன வாரம் கூட ஒரு டிக் போட்டீர்களே, அதில் மூன்றாவது வரி என்ன? சரி, விடுங்கள். உங்கள் பக்கம் கிளியர்.

தம்பி அதுவரை கொடுத்த அறிக்கைகள் எல்லாவற்றிலும் கீழே 'பாதுகாப்புக் குழு' என்றுதான் இருக்கும். குழு என்று யாரும் கிடையாது. முப்பத்தாறுக்கு ஒன்று என்று அன்றைக்கு எழுதிக் கொடுத்த தாளின் நகலை என்னிடம் காட்டினான். 'மா. மாரீஸ்வரன்' என்று தன் பெயரை எழுதி அவன் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது, 2024 ஜூன் 28, வெள்ளிக்கிழமை.