அட்டைப் படத்தில் இருப்பது நான், ஐயா

பெருமதிப்புக்குரிய சினிமாப் பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் சுகமாக இருக்க வேண்டும். நான் அவ்வளவு சுகமில்லை. பாப்பா போய் இருபது நாளாகிறது. ஊருக்கெல்லாம் அவள் பெரிய நடிகை, படப்பிடிப்பில் எங்களுக்கெல்லாம் பாப்பா. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எழுத்தில் இருக்கும் பிழையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பாப்பா நினைவாக நீங்கள் போட்ட சிறப்பிதழின் அட்டையில் இருப்பது பாப்பா இல்லை. நான்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். காட்சி எடுக்கும் முன் விளக்கெல்லாம் சரிபார்ப்பார்கள். அதுவரை நடிகை வெந்துகொண்டிருக்க முடியாது என்று, அதே உயரம், அதே நிறத்தில் ஒருத்திக்கு அதே புடவையைக் கட்டி உட்காரவைப்பார்கள். இருபத்தாறு வருஷம் பாப்பாவுக்காக அப்படி உட்கார்ந்தவள் நான். வெளிச்சம் சரியானதும் நான் எழுவேன், அவள் உட்காருவாள். "நாற்காலியை நல்லா சூடு பண்ணி வெச்சிருக்கேக்கா" என்பாள். நர்ஸ் வேஷத்தில் "டாக்டர் வந்துட்டார்" என்று ஒரே ஒரு வசனம் பேச வந்து அதைப் பதினாலு தடவை தப்பாகச் சொன்ன நாளிலிருந்து, கதாநாயகியாகி, மூன்று பெரிய விருது வாங்கி, பிறகு அம்மா வேஷத்துக்கு மாறி, கடைசிப் படம் வரைக்கும் நான் எழுந்த இடத்தில்தான் அவள் உட்கார்ந்தாள்.

நீங்கள் போட்டிருப்பது அவளுடைய முதல் விருதுப் படத்தில், புருஷனுக்கு என்ன ஆச்சோ என்று ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் காட்சிக்கு வெளிச்சம் பார்த்தபோது எடுத்தது. அந்தப் படம் முழுக்கப் பாப்பா வெறுங்காலோடு நடித்தாள். அட்டையில் கீழே பாருங்கள், நீல வார் ரப்பர் செருப்பு. அது என்னுடையது. "இந்தக் கண்களில் உலகத்துப் பெண்களின் சோகமெல்லாம் தேங்கி நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும். அப்போது மணி இரண்டரை, காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை, சாப்பாடு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. முந்தானைக்குள் கையை ஒளிக்கும் அவளுடைய நளினத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நளினமும் இல்லை, ஒன்றும் இல்லை. சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டிச் சுண்டுவிரல் கோணிப்போயிருந்தது. ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலும் "அக்கா, விரல் தெரியுதா?" என்று கேட்பாள். தெரியவில்லை என்பேன். அப்புறம்தான் நடிப்பாள்.

இந்த அட்டையால் நான் படும் பாட்டைக் கேளுங்கள். தையற்கடைக்காரர் அதைச் சட்டம் போட்டு மாட்டிப் பூ வைத்திருக்கிறார். ரவிக்கை வாங்கப் போன நான் என் படத்துக்கு முன்னால் நின்று நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரியிடம் அது நான்தான் என்றேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஜாடை என்னமோ இருக்கு. ஆனா அந்தக் கண்ணு உனக்கு வருமா?" என்றாள். என் வீட்டுக்காரரோ, உயிரோடு இருக்கும்போதே அஞ்சலி கிடைப்பதற்குக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கடைசிப் படத்தில் அவளுக்கு முடியாமல் போன அன்று, வெளிச்சம் சரியானதும் வழக்கம்போல எழுந்து ஒதுங்கி நின்றேன். நாற்காலி ஆறிப்போகும் வரை நின்றேன். அவள் வரவில்லை. இப்போது அட்டையிலும் அவள் இடத்தில் நானே உட்கார்ந்திருந்தால் எப்படி? என்னை எழுப்பிவிடுங்கள், ஐயா. அவளைப் போடுங்கள். நாளைக்கு அவள் அம்மாவிடம் நல்ல படமாக ஒன்று வாங்கி இந்த உறையிலேயே வைத்து அனுப்புகிறேன்.

உங்கள் பத்திரிகை நீடூழி வாழட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
நீலச் செருப்புக்காரி

பின்குறிப்பு: அம்மாவிடம் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உங்கள் அட்டையை ஒட்டிவைத்திருக்கிறார். அது உங்கள் பெண் இல்லையம்மா என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தெரியும்டி. என் பொண்ணை எனக்குத் தெரியாதா? இங்க பாரு" என்று படத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே ஒரு சாப்பாட்டுத் தட்டு நீண்டிருக்கிறது. பிடித்திருக்கும் கையில் சுண்டுவிரல் கோணல். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தது யார் என்று நானே மறந்துபோயிருந்தேன். "மத்த படத்திலெல்லாம் ஒளிச்சு வெச்சிருக்கா. இதுல மட்டும்தான் மறந்துட்டா" என்றார்.

ஆகையால் மேலே எழுதியதை விட்டுவிடுங்கள், ஐயா. அந்தப் படமே இருக்கட்டும். மறுபடி அச்சடித்தால் ஓரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.